சப்போர்ட் வேன்

அந்த ஆளுக்கு என்னைவிட நாலு வயதுதான் குறைவு. அப்படியிருந்தும் முதல் நாளிலிருந்தே என்னை 'ஆன்ட்டி' என்றுதான் கூப்பிட்டார். மைக் கையில் கிடைத்துவிட்டால் நாங்கள் எல்லோருமே அவருக்குத் தாத்தா பாட்டிகள். மை பூசிய தலை, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, உடம்பை ஒட்டிய சைக்கிள் சட்டை. பயணத்தை ஏற்பாடு செய்தவர் அவர். ஆவடியிலிருந்து திருவண்ணாமலை வரை, அறுபது தாண்டியவர்களுக்கு மட்டும், நான்கு நாள் சைக்கிள் பயணம். பைகளைச் சுமக்கவும் தண்ணீர் கொடுக்கவும் பஞ்சர் பார்க்கவும் பின்னாலேயே ஒரு வேன் வரும். முடியாதவர்கள் அதில் ஏறிக்கொள்ளலாம். சப்போர்ட் வேன் என்று அதற்குப் பெயர்.

ஏறிக்கொள்ளலாம் என்றுதான் சொன்னார்கள். ஏற்றுவோம் என்று சொல்லவில்லை.

நான் பட்டாபிராமில் இருக்கிறேன். ஆவடிப் பக்கம் ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையில் தையல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் கணவருக்கும் அதே தொழிற்சாலையில்தான் வேலை. வேறு பிரிவு, வேறு ஷிஃப்ட். ஸ்கூட்டர் அவருடையது, சைக்கிள் என்னுடையது. மழையிலும் வெயிலிலும், வயிற்றில் பிள்ளையோடு ஏழாம் மாதம் வரைக்கும்கூட, அந்த சைக்கிளில்தான் வேலைக்குப் போய் வந்தேன். அப்போதெல்லாம் உன்னால் முடியுமா என்று ஒருவரும் கேட்டதில்லை. முடிந்தாக வேண்டிய காலத்தில் யாருக்கும் அந்தக் கேள்வி வரவில்லை. என் ஆசைக்காக நான் மிதிக்க ஆரம்பித்ததும் எல்லோருக்கும் வந்துவிட்டது.

திருநின்றவூரில் இருக்கும் ஒரு தோழிதான் இந்தப் பயணத்தைப் பற்றிச் சொன்னவள். தினமும் காலையில் ஏரிக்கரைப் பக்கம் சைக்கிளில் போகிறபோது பழக்கமானவள். அவளுடைய அப்பா அம்மா அந்தப் பக்கத்து வயல்களில் கூலி வேலை பார்த்தவர்கள். அவள் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு இப்போது வீட்டோடு இருக்கிறாள். என்னைவிட ஒரு வயது சின்னவள் என்று அவளே முடிவு செய்துகொண்டு அக்கா என்று கூப்பிடுவாள். "வாக்கா, போலாம். எத்தினி நாளைக்கு இந்த ஏரியவே சுத்திகினு கெடக்கறது" என்றாள். இரண்டு பேரும் பணம் கட்டிச் சேர்ந்தோம்.

முதல் நாள் நன்றாகத்தான் போனது. பூந்தமல்லி தாண்டுகிற வரைக்கும் வண்டிகள் நடுவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மிதித்தோம். ஸ்ரீபெரும்புதூர் கடந்ததும் காற்று மாறியது. நானும் தோழியும் கடைசியில்தான் வந்தோம். எங்களோடு இன்னொருவரும் வந்தார். எழுபது தாண்டியவர், அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், காட்டுப்பாக்கத்துக்காரர். மற்றவர்களோடு வேகமாகப் போகக்கூடிய கால்தான் அவருக்கு. ஆனால் பேச ஆள் வேண்டும். பஸ்ஸில் பார்த்த சண்டைகளைச் சொல்லிச் சொல்லி எங்களைச் சிரிக்க வைத்துக்கொண்டே வந்தார். சாயங்காலம் காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்தபோது தொடை இரண்டும் கல்லாகிவிட்டிருந்தது. ஆனால் அன்றைக்கு ராத்திரி தூங்கிய மாதிரி நான் தூங்கி வருஷக்கணக்காகிறது.

இரண்டாம் நாள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி. வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும், விடிகிற நேரத்தில் கிளம்புகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். நாங்கள் எல்லோரும் விடியும்போதே தயாராக நின்றோம். ஆனால் அந்த ஆள் ஒரு வீடியோக்காரரை வரவழைத்திருந்தார். கோபுரம் பின்னால் தெரிகிற மாதிரி நின்று, கை அசைத்து, ஒரு தடவை மிதித்து, திரும்பி வந்து மறுபடியும் மிதித்து, வெளிச்சம் சரியில்லை என்று இன்னொரு தடவையும் மிதித்தோம். விளம்பரம் கொடுத்த ஆஸ்பத்திரியின் பெயர் போட்ட சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். போட்டுக்கொண்டேன். கிளம்பும்போது வெயில் சுள்ளென்று முதுகில் விழுந்தது.

மாங்கால் கூட்ரோட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். முன்னால் போனவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. நாங்கள் மூன்று பேர், எங்களுக்குச் சற்று முன்னால் இன்னும் நான்கு பேர். வேன் எங்களைத் தாண்டிப் போய்க் குறுக்கே நின்றது. அந்த ஆள் இறங்கினார். வந்தவாசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வரவேற்பு இருக்கிறதாம், ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் மாலையோடு காத்திருக்கிறாராம், நேரமாகிவிட்டதாம். எல்லோரும் வேனில் ஏற வேண்டும், சைக்கிள்களை மேலே கட்டிவிடலாம் என்றார்.

முன்னால் இருந்த நான்கு பேரும் ஏறிவிட்டார்கள். என் தோழியும் சைக்கிளை டிரைவரிடம் கொடுத்துவிட்டு ஏறிவிட்டாள். எனக்குக் களைப்பு இல்லை. மூச்சு வாங்கவில்லை. வழக்கமாக நான் மிதிக்கிற வேகத்தில்தான் மிதித்துக்கொண்டிருந்தேன். நான் வரவில்லை, மெதுவாக வந்து சேர்கிறேன் என்றேன். நேரமாகிறது என்றார். விடியும்போதே கிளம்பியிருந்தால் ஆகியிருக்காது என்றேன். அப்போதுதான் அவர் முகம் மாறியது. தள்ளிப் போய் யாரிடமோ போனில் பேசினார். திரும்பி வந்து, குழந்தைக்குச் சொல்கிற மாதிரிக் குனிந்து சொன்னார்.

"உங்க ஹஸ்பண்ட் கிட்ட பேசிட்டேன் ஆன்ட்டி. அவரே ஏத்திடுங்கன்னு சொல்லிட்டார்."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றுமே புரியவில்லை. நான் அங்கே நிற்கிறேன். என் கால் தரையில் இருக்கிறது, கை ஹேண்டில்பாரில் இருக்கிறது. நான் முடியாது என்று சொன்னதற்குப் பதில், பட்டாபிராமில் ஃபேனுக்குக் கீழே டிவி பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதரிடமிருந்து வந்திருக்கிறது. அவசரத்துக்கு என்று கேட்டதால்தான் அவர் நம்பரைக் கொடுத்திருந்தேன். நான் மயங்கி விழுந்தால் கூப்பிடுவதற்கு. நான் முடியாது என்று சொன்னால் கூப்பிடுவதற்கு இல்லை.

அப்படியே அவரிடம் சொன்னேன். கத்தவில்லை. ஆனால் குரல் நடுங்கியது. பயத்தில் நடுங்குகிறது என்று அவர் நினைத்திருப்பார்.

கண்டக்டர் அண்ணன் தன் சைக்கிளை என் சைக்கிளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். "அந்தம்மாவோட நான் வரேன் சார். நீங்க போங்க" என்றார். அந்த ஆள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். எக்கேடோ கெட்டுப் போங்கள் என்று வாயால் சொல்லவில்லை. கையை மட்டும் அப்படி உதறினார். வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். வேன் போயே போய்விட்டது.

அது போன பிறகுதான் உறைத்தது. என் பை அதில் இருந்தது. என் பிரஷர் மாத்திரை, பர்ஸ், தண்ணீர் எல்லாமே அதில். பிடிவாதம் பிடித்தவளுக்குத் தண்ணீர் இல்லை. இதற்குப் பெயர் சப்போர்ட். அண்ணனிடம் அரை பாட்டில் தண்ணீர் இருந்தது. உச்சி வெயில், இரண்டு பேர், அரை பாட்டில். பெரிய மனிதரின் மாலை வாடிவிடக் கூடாது என்று இரண்டு கிழங்களை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போனவர்தான், மைக் பிடித்தால் முதியோர் நலம் என்று பேசுகிறவர்.

கோபத்தில் மிதித்தால் கால் வலி தெரியாது என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.  பிறகு என் பின் சக்கரம் பஞ்சர் ஆனது. இரண்டு பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். ஒரு சின்ன ஊரில் பஞ்சர் கடை இருந்தது. அதை ஒட்டியே டீக்கடை. அண்ணன் சட்டைப் பையில் இருந்ததை வைத்து டீ குடித்தோம், தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டோம். பஞ்சர் ஒட்டியவர் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். ஆவடி என்றதும் என் கையில் இருந்த சைக்கிளையும் என்னையும் ஒரு தடவை பார்த்தார். டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே, இதே வழியில் காலையில் நிறையப் பேர் போனார்களே, நீங்கள் அவர்களோடு வந்தவர்கள் இல்லையா என்றார். அண்ணன் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாங்கள் வந்தவாசி மண்டபத்துக்குப் போனபோது சாப்பாட்டுப் பந்தி முடிந்து மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் கட்டியிருந்த வாழை மரம் தலை தொங்கிப் போயிருந்தது. தோழி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்களுக்காக எடுத்து வைத்திருந்த இலையைக் கொண்டுவந்து போட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான், சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து அவள் ஒரு விஷயத்தைச் சொன்னாள்.

"ஊருக்குள்ள நொழயறதுக்கு முன்னாடி பெட்ரோல் பங்க் ஒண்ணு கீதுல்லக்கா. அங்க வேன நிறுத்தி எங்கள எறக்கிட்டாங்க. சைக்கிளயும் எறக்கினாங்க. மூஞ்சில தண்ணி தெளிச்சிகினு, இங்கேந்து மிதிச்சிகினு வாங்கன்னாரு. மால போட்டாங்க. நானும் சிரிச்சிகினே வந்தேன். இன்னா பண்றது."

வீடியோவை அதற்குள் பயணத்துக்கான வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டிருந்தார்கள். பார்த்தேன். தோழி மாலையும் கழுத்துமாக மண்டபத்து அலங்கார வளைவுக்குள் நுழைகிறாள். முகத்தில் தெளித்த தண்ணீர் வேர்வை மாதிரி மின்னுகிறது. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி வரை எங்கள் தாத்தா பாட்டிகள் அத்தனை பேரும் ஒரு இடத்திலும் சளைக்காமல் மிதித்தே வந்து சேர்ந்தார்கள் என்று கீழே எழுதியிருந்தது. ஆஸ்பத்திரியின் பெயரும் இருந்தது.

மிதித்து வந்த இரண்டு பேர் அந்த வீடியோவில் இல்லை. வேனில் வந்த ஐந்து பேரும் இருந்தார்கள்.

இலையை மூடிவிட்டு எழுந்தேன். கையைக் கழுவினேன். கை ஈரம் காய்வதற்குள் அந்தக் குழுவில் எழுதினேன். இது பொய், ஐந்து பேர் வேனில் வந்தார்கள், வேனில் வர மறுத்தவர்களைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் விட்டுவிட்டு வந்தார்கள் என்று எழுதினேன். கொஞ்ச நேரத்தில் என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

மண்டபத்தின் நடுவில் அந்த ஆள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நேராகப் போய் நின்றேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் கேட்டேன். என் பையை எடுத்துக்கொண்டு எப்படிப் போனீர்கள்? மாத்திரை அதில் இருந்தது தெரியுமா? வழியில் எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் அதையும் வீடியோ எடுத்துப் போட்டிருப்பீர்களா? அவர் எழுந்திருக்கவில்லை. எல்லாம் பாதுகாப்புக்காகத்தான் என்றார். ஒரு ஆளுக்காக எல்லோரையும் காக்க வைக்க முடியாது என்றார். நாளையிலிருந்து ஒன்று வேனில் வரவேண்டும், இல்லையென்றால் வந்தவாசியிலிருந்தே பஸ் பிடித்து ஊருக்குப் போய்விட வேண்டும், வேறு வழி இல்லை என்று முடித்தார்.

சுற்றிலும் எங்களோடு வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஓய்வு பெற்ற வாத்தியார்கள், பேங்க்காரர்கள், என் தொழிற்சாலையிலேயே இருந்த இரண்டு பேர். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஒருவர் மட்டும் மெதுவாக, விடுங்கம்மா, நல்லபடியா வந்துட்டீங்கல்ல என்றார். அந்த ஆள்மேல் வந்ததைவிட அவர்மேல்தான் எனக்கு அப்போது அதிகக் கோபம் வந்தது. நல்லபடியாக வந்தது யாருடைய புண்ணியத்தில் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. என் பையை எடுத்துக்கொண்டு பெண்களுக்கு ஒதுக்கிய அறைக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் தோழியிடம் சொன்னேன். நாளை நானும் அண்ணனும் தனியாகக் கிளம்புகிறோம், பையைப் பின் கேரியரில் கட்டிக்கொள்கிறோம், சேத்துப்பட்டில் தங்கிவிட்டு அடுத்த நாள் திருவண்ணாமலை, நீயும் வா என்றேன். அவள் கால் முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் தைலத்தை உள்ளங்கையில் ஊற்றினாள். திரும்பவும் கூப்பிட்டேன். உனக்கு மானம் ரோஷம் இல்லையா, பொய்யாக மாலை போட்டுக்கொண்டு இன்னும் இரண்டு நாள் இவர்களோடு போவாயா என்று கேட்டேன்.

தேய்ப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"உனக்குக் கோவம் வந்துகீது, நீ மிதிப்ப. எனக்கு முட்டி வலிக்குது, நான் வேன்ல போவேன். என்னிய யாரும் ஏத்தல, நானாத்தான் ஏறினேன். அந்தாளும் என்னிய மெரட்றான், நீயும் மெரட்டறியேக்கா."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவள் சொன்னது நியாயம்தான் என்று இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. அவள்மேலும் கோபம்தான் வந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் அவர்கள் எழுந்து வீடியோவுக்கு ஆயத்தமாவதற்கு முன்னாலேயே நானும் அண்ணனும் கிளம்பிவிட்டோம். ஆஸ்பத்திரிச் சட்டையைக் கட்டில் மேலேயே மடித்து வைத்துவிட்டேன். நல்ல பனி. இரண்டு பக்கமும் வேர்க்கடலை வயல். எங்களுக்குப் பின்னால் எந்த வண்டியும் இல்லை என்ற நினைப்பே முதலில் முதுகில் குறுகுறுத்தது. பிறகு அது பழகிவிட்டது. சேத்துப்பட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வேன் ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைத் தாண்டியது. டிரைவர் மட்டும் ஜன்னல் வழியாகக் கையைத் தூக்கினார். ஜன்னலோரம் தோழி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். நான் ரோட்டைப் பார்த்தேன்.

கடைசி நாள் அவலூர்ப்பேட்டைக்கு அப்புறம் எனக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. ஒரு மைல்கல்மேல் உட்கார்ந்து அழுதேன். வலியால்தான் அழுதேன் என்று அண்ணனிடம் சொன்னேன்.  பஸ் ஏறுவதானால் சொல்லும்மா, நிறுத்தச் சொல்கிறேன், என் பேச்சுக்கு எந்த பஸ்ஸும் நிற்கும் என்றார். வேண்டாம் என்றேன். சரி என்று பக்கத்தில் உட்கார்ந்து கடலை தின்றார். அதைத்தான் அந்த ஆளும் செய்திருக்கலாம். வேண்டுமா என்று கேட்டிருக்கலாம். வேண்டாம் என்றால் சரி என்றிருக்கலாம். அதற்கு ஒரு வேன்கூடத் தேவையில்லை.

மலை கண்ணுக்குத் தெரிந்த பிறகும் அது கிட்டத்தில் வருகிற வழியாக இல்லை. பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்தோம். எங்களை வரவேற்க யாரும் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஓட்டலில் ஆளுக்கு இரண்டு தோசை சாப்பிட்டோம். கோயம்பேட்டுக்குக் காய்கறி ஏற்றிப்போகிற லாரி ஒன்றில் பேசிச் சைக்கிள்களை ஏற்றினோம். நாங்கள் பஸ்ஸில் வந்தோம். ஏறியதும் அண்ணன் கண்டக்டரிடம் பேச ஆரம்பித்துவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வீட்டில் பேச வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது என் கணவர் சோபாவில் உட்கார்ந்திருந்தார். ஆச்சா, சாப்பிட்டியா என்றார். டிவியை அணைத்தேன்.

"நான் வேன்ல ஏறணுமா வேண்டாமான்னு அந்த ஆள் உங்களைக் கேட்டானா?"

"ஆமா, கேட்டார்."

"அவகிட்டயே கேளுங்கன்னு ஏன் சொல்லல?"

அவர் கையில் இருந்த ரிமோட்டைப் பக்கத்தில் வைத்தார். பிறகு, "உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நாளைக்கு என்னைத்தானே நாலு பேர் கேப்பாங்க" என்றார்.

"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா முதல்ல எனக்குத்தானே ஆகும்?"

 கெட்ட மனிதர் இல்லை அவர். ஒரு நாளும் கை ஓங்கியதில்லை, குடித்ததில்லை. யாரோ ஒருவர் போன் பண்ணி உங்கள் மனைவியை என்ன செய்யட்டும் என்று கேட்டபோது, அந்தக் கேள்வியே தப்பு என்று அவருக்குப் படவில்லை, அவ்வளவுதான். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் படவில்லை. அந்த ஆளை நான் இனிமேல் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. இவரைத் தினமும் பார்க்க வேண்டும். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. சமைத்து மூடி வைத்தேன். எடுத்துப் போட்டுச் சாப்பிட்டார்.

தோழி வீட்டுக்கு நானாகத்தான் போனேன். அவள் வாசலில் வடகம் காய வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறைத்தாள். உள்ளே போய் மோர் கொண்டுவந்தாள். நான் மன்னிப்பு கேட்க ஆரம்பித்தேன். "குடிக்கா மொதல்ல, வெயில்ல வந்துகீற" என்று சொல்லி அதை முடித்துவிட்டாள். திருவண்ணாமலையில் எல்லோருக்கும் மெடல் கொடுத்தார்களாம். நானும் அண்ணனும் உடம்பு சரியில்லாமல் ஊருக்குத் திரும்பிவிட்டதாக அந்த ஆள் மைக்கில் சொன்னாராம். அதைக் கேட்டதும் காது இரண்டும் சூடாகிவிட்டது. நீ எழுந்து இல்லை என்று சொல்லவில்லையா என்று கேட்டேன். சொன்னேன், கைதட்டல் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை என்றாள். நான் நம்பினேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மூன்று பேரும் போகிறோம். திருமழிசை வழியாகச் செம்பரம்பாக்கம் ஏரி வரைக்கும் போய்வருவோம். சில நாள் அதற்கு மேலும். தோழிக்கு முட்டி வலித்தால் நிறுத்துகிறோம். முடியவில்லை என்றால் அவள் சைக்கிளைத் தெரிந்த கடையில் விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் போய்விடுவாள். அடுத்த வாரம் மறுபடியும் வருவாள்.

அந்த ஆள் அடுத்த பயணத்துக்கு ஆள் சேர்க்கிறார் என்று கேள்விப்பட்டேன். ஆவடி மார்க்கெட் பக்கம் பேனர் கட்டியிருக்கிறார்கள். அதில் மாலையோடு சிரிப்பது என் தோழி. அவளிடம் யாரும் கேட்கவில்லை. போன வாரம் அவளும் நானும் அந்த பேனருக்குக் கீழே நின்று பார்த்தோம். நான் கழற்றச் சொல்லிக் கேட்போம் என்றேன். அவள் வெகு நேரம் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "கேக்கணும்க்கா. நானே கேக்கறேன். நீ பக்கத்துல நில்லு, வாயத் தொறக்காத" என்றாள்.

சரி என்றேன். சனிக்கிழமை போகிறோம்.